எழுத்து இருந்தும் பிழைக்காத மொழி: தைவானின் சிராயா

1661-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு நூல் அச்சேறியது. பக்கத்துக்கு இரண்டு பத்திகள். ஒன்றில் டச்சு மொழி, மற்றொன்றில் தைவான் தீவின் தென்மேற்குச் சமவெளியில் பேசப்பட்ட சிராயா. இரண்டுமே மத்தேயு நற்செய்திதான். மொழிபெயர்த்தவர் டானியேல் கிராவியுஸ் என்ற டச்சுப் போதகர். 1647 முதல் 1651 வரை தைவானில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பியவர்.

நூல் வெளிவந்த அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், ஐரோப்பியர்கள் கொக்சிங்கா என்று அழைத்த சீனத் தளபதி செங் செங்கோங்கின் கப்பற்படை தைவான் கரைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் 1662 பிப்ரவரி 1 அன்று டச்சுக்காரர்களின் ஜீலாந்தியா கோட்டை சரணடைந்தது. யாருக்காக அந்த நூலை அச்சிட்டார்களோ, அந்த மக்கள் இருந்த தீவில் டச்சுக்காரர்களுக்கு இனி இடமில்லை. அதே 1662-ல் கிராவியுஸின் இன்னொரு சிராயா நூல், கிறிஸ்தவ போதனை வினாவிடை, அச்சாகி வந்தது. அதற்கும் அதே கதி.

இன்று சிராயா இலக்கணம் என்று நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு நூல்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. பேசியவர்களுக்குக் கிடைக்காத புத்தகம், பல தலைமுறைக்குப் பின் வந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

மொழி அழிவைப் பற்றிப் பேசும்போது, எழுத்து வடிவம் இல்லாததால்தான் பல மொழிகள் மறைந்தன என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் சிராயாவின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிராயாவுக்கு எழுத்து இருந்தது. பள்ளி இருந்தது. அச்சு நூல் இருந்தது. எழுதத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள், டச்சுக்காரர்கள் வெளியேறி 150 ஆண்டுகள் கழிந்த பின்னும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எதை எழுதினார்கள் என்று பார்த்தால், அந்த மொழி எப்படிப் போயிற்று என்பதற்கான பதிலும் அங்கேயே கிடைக்கிறது.

இடமும் மக்களும்

மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரவியிருக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தில் ஏறத்தாழ 1,200 மொழிகள் உள்ளன. அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய கிளைகள் தைவானில்தான் இருக்கின்றன என்பது மொழியியலாளர்களில் பெரும்பான்மையினரின் முடிவு. சிராயா அங்கே பேசப்பட்ட மொழிகளில் ஒன்று. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த தமிழருக்கு இந்த உறவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மலாயில் ஐந்துக்கு ‘லீமா’, சிராயாவில் ‘ரிமா’. கண்ணுக்கு இரண்டிலும் ‘மாத்தா’.

இன்றைய தைனான் நகரமும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் சிராயா நிலம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே கரையை ஒட்டி ஒரு பெரிய காயல் இருந்தது. காயலுக்கு வெளியே மணல் திட்டு. அதன்மேல்தான் ஜீலாந்தியா கோட்டை நின்றது. காயல் பின்னாளில் தூர்ந்துபோய் நிலமாகிவிட்டது. கோட்டை இருந்த இடம் இப்போது நகரத்தின் ஒரு பகுதி. உட்புறத்தில் சின்கான், மத்தாவ், சௌலாங், பக்லவான் ஆகிய நான்கு பெரிய ஊர்கள் இருந்தன. இவற்றில் சின்கான் கோட்டைக்கு அருகில் இருந்தது. முதலில் டச்சுக்காரர்களோடு கைகோத்ததும் அதுதான்.

1627-ல் வந்த முதல் போதகர் ஜார்ஜியுஸ் கேண்டிடியுஸ் சின்கானிலேயே தங்கி, தான் கண்டதை எழுதிவைத்தார். வயலில் உழைத்தவர்கள் பெண்கள். ஆண்கள் மான் வேட்டையாடினார்கள், பக்கத்து ஊர்களோடு சண்டையிட்டார்கள். திருமணமான ஆண் பல ஆண்டுகள் மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வதில்லை. இரவில் அவளுடைய வீட்டுக்குப் போய் விடிவதற்குள் திரும்பிவிடுவான். சடங்குகளை நடத்தியவர்கள் ‘இனிப்’ எனப்பட்ட பெண் பூசாரிகள். ஊருக்கு ஒரு தலைவன் என்ற ஏற்பாடு அங்கே இல்லை என்பதும் கேண்டிடியுஸை வியக்கவைத்தது. மதத்தை மாற்ற வந்தவரின் கண் அது என்பதை மறக்காமல்தான் இந்தக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ஆனாலும், அந்த மக்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்திய காலத்தைக் கிட்ட இருந்து பார்த்து எழுதியவர்கள் அவரைத் தவிர அதிகம் பேர் இல்லை.

எழுத்து வந்த வழி

1658-ல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், அதற்கு 34 ஆண்டுகள் முன்பு, 1624-ல் தைவானில் இறங்கியது. அதன் நோக்கம் சீன, ஜப்பானிய வணிகம். உள்ளூரில் அது தேடியது மான் தோல். 1638-ல் மட்டும் ஒன்றரை லட்சம் தோல்கள் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகின. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1629-ல் மத்தாவ் ஊர்க்காரர்கள், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த சுமார் 60 டச்சுச் சிப்பாய்களைத் தாக்கிக் கொன்றார்கள். கம்பெனி காத்திருந்தது. 1635-ன் இறுதியில், ஐரோப்பியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 500 பேரும் சின்கான் ஆட்களும் சேர்ந்து மத்தாவுக்குள் நுழைந்து ஊரைக் கொளுத்தினார்கள். மத்தாவ் பணிந்தது, ஒவ்வொன்றாக மற்ற ஊர்களும் பணிந்தன. அடுத்த ஆண்டே, 1636-ல், சின்கானில் சுமார் 70 சிறுவர்களோடு பள்ளிக்கூடம் தொடங்கியது. ராபர்ட்டுஸ் ஜூனியுஸ் என்ற போதகர் லத்தீன் எழுத்தில் சிராயாவை எழுதவும் படிக்கவும் கற்பித்தார். 1643-ல் அவர் தீவைவிட்டுப் புறப்பட்டபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். உள்ளூர்க்காரர்களே சுமார் 50 பேர் ஆசிரியர்களாகியிருந்தார்கள்.

இதே காலத்தில்தான் இனிப்களின் கதையும் முடிக்கப்பட்டது. 1641-ல் ஏறத்தாழ 250 பெண் பூசாரிகளை ஊர்களிலிருந்து பிரித்து வடக்கே, இன்றைய ஜியாயி பக்கம், நாடு கடத்தினார்கள். 1652-ல் திரும்ப அனுமதி கிடைத்தபோது உயிரோடு இருந்தவர்கள் 48 பேர். சடங்கு மொழி, பாட்டு, மருந்து, ஊரின் நினைவு எல்லாம் யாருடைய வாயில் இருந்ததோ அவர்களை அகற்றிவிட்டு, அதே ஊரில் அதே மொழிக்கு எழுத்துக் கற்பித்தார்கள். சிராயா எழுத்தறிவின் தொடக்கத்தைக் கொண்டாட்டமாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த 48 என்ற எண்ணையும் அருகில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்திரங்கள்

டச்சுக்காரர்கள் போனார்கள். செங் குடும்பத்தின் ஆட்சி சுமார் இருபது ஆண்டுகள் நடந்தது. 1683-ல் சீனாவின் சிங் பேரரசு தீவைக் கைப்பற்றியது. பள்ளிக்கூடங்கள் இல்லை, போதகர்கள் இல்லை. எழுத்தும் அவர்களோடு போயிருக்க வேண்டும். போகவில்லை.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சீன அதிகாரிகளின் குறிப்புகளில் ஒரு காட்சி வருகிறது. சமவெளி ஊர்களில் ‘செம்முடியர்’ எழுத்து, அதாவது டச்சுக்காரர்களின் எழுத்து, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாத்து இறகின் தண்டைக் கூராகச் சீவி, ஒரு குழாயில் மை ஊற்றி வைத்து, தொட்டுத் தொட்டு இடமிருந்து வலமாக, கிடைவரியாக எழுதுகிறார்கள். ஊரின் கணக்கு வழக்கும் அரசு உத்தரவுகளும் அவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. மேலிருந்து கீழாகத் தூரிகையால் எழுதிப் பழகிய அதிகாரிக்கு அது விந்தையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. மதத்துக்காகக் கொண்டுவரப்பட்ட எழுத்தை ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டு, தகப்பனிடமிருந்து மகனுக்கும் மூத்தவரிடமிருந்து இளையவருக்குமாக, எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் கடத்தியிருக்கிறார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான்.

அப்படி எழுதப்பட்டவற்றில் 180க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று தெரியவந்துள்ளன. ஆய்வாளர்கள் அவற்றைச் சின்கான் ஆவணங்கள் என்கிறார்கள். தைவானின் சீனர்கள் நெடுங்காலமாகக் கொஞ்சம் இளக்காரமாக, ‘காட்டாள் பத்திரம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்துவந்தார்கள். மிகப் பழையது 1683-ஐச் சேர்ந்தது. கடைசியானவை 1810களைச் சேர்ந்தவை. கணிசமானவை இருமொழிப் பத்திரங்கள். ஒரே தாளில் சீன எழுத்து மேலிருந்து கீழாகவும், லத்தீன் எழுத்துச் சிராயா இடமிருந்து வலமாகவும் ஓடும். தேதி, டச்சுக்காரர் எழுத்தில் எழுதப்பட்ட சீனப் பேரரசரின் ஆட்சியாண்டாக இருக்கும்.

உள்ளடக்கம் என்ன? நிலம். பெரும்பாலும் நிலம்தான். இன்னார் தம்முடைய இந்த வயலை, இந்த எல்லைக்குட்பட்டதை, இவ்வளவு வெள்ளிக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இன்னாரிடம் கொடுக்கிறார், பணத்தைத் திருப்பிக் கட்டினால் நிலம் திரும்பும், இன்னின்னார் சாட்சி. நம்மூரில் ஒத்தி என்போமே, அதே ஏற்பாடு. வெளிப்படையான விற்பனைக்குச் சிங் அரசு பல காலம் தடைபோட்டிருந்தது. பழங்குடி நிலம் பழங்குடிகளிடமே இருந்தால்தான் அவர்களிடம் வரியும் உழைப்பும் வாங்க முடியும் என்பது அதன் கணக்கு. எனவே குத்தகையும் ஒத்தியும் பெருகின. நிலத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி, சீனாவின் ஃபுஜியனிலிருந்து வந்த குடியேறிகள்.

ஏன் கொடுத்தார்கள்? இங்கேதான் அந்த மான் தோல் கணக்கு வருகிறது. கம்பெனி காலத்து ஏற்றுமதி வேட்டையில் மான் கூட்டங்கள் மெலிந்தன. வந்த குடியேறிகள் மேய்ச்சல் காட்டை வெட்டி வயலாக்கியதில் மிச்சமிருந்ததும் போயிற்று. ஆனால் வரி நிற்கவில்லை. சிங் ஆட்சியில் தலைவரியோடு சேர்த்து, அதிகாரிகளுக்கு வண்டியோட்டுவது, சுமை தூக்குவது, கடிதம் கொண்டுபோவது என்று கட்டாய ஊழியமும் வந்தது. ஊழியத்துக்குப் போனவனால் வேட்டைக்கோ வயலுக்கோ போக முடியாது. வரி கட்டக் கையில் காசு வேண்டும். காசாகக்கூடிய ஒரே சொத்து நிலம். ஒத்தி வைத்தவர் மீட்க முடியாமல் மேலும் கடன் வாங்குவார். அந்தக் கடனும் அதே தாளில் ஏறும்.

நற்செய்தி நூல், வெளியிலிருந்து வந்தவர் சிராயா மக்களுக்காக எழுதியது. சிராயா மக்கள் தாங்களே தங்களுக்காக எழுதியவை இந்தப் பத்திரங்கள். அவர்களுடைய சொந்த எழுத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது, பெரும்பகுதி, அவர்கள் நிலத்தைப் பிரிந்த பதிவு.

மொழி போன வழி

யாரும் சிராயா மொழியைத் தடைசெய்யவில்லை. பள்ளியில் அதைப் பேசிய பிள்ளையை அடித்ததாகவோ, சட்டம் போட்டதாகவோ அந்தக் காலத்துக் கதை எதுவும் இல்லை. நிலம் கைமாறியது, நிலத்தோடு ஊரும் கைமாறியது. வயல் போனவர்கள் ஒன்று குடியேறிகளின் நடுவே கூலிகளாகவும் குத்தகைதாரர்களாகவும் தங்கினார்கள், அல்லது கிழக்கே நகர்ந்தார்கள். சின்கான் மக்களில் பலர் இன்றைய சின்ஹுவா, ஜுவோஜென் மலையடிவாரங்களுக்குப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் சில குழுக்கள் நடு மலைத்தொடரையே சுற்றியும் கடந்தும் தீவின் கிழக்குக் கரைவரை போய்க் குடியேறின.

தங்கியவர்களின் வீடுகளில் இன்னொன்று நடந்தது. சிங் அரசு நெடுங்காலம், குடியேறிகள் குடும்பத்தோடு தைவானுக்கு வருவதைக் கட்டுப்படுத்தியது. தனியாக வந்த ஆண்கள் சமவெளிப் பெண்களை மணந்தார்கள். சிராயா வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு சேர்வான் என்பதால், அந்த மணத்தின் வழியாக நிலத்தில் பாத்தியதையும் கிடைத்தது. பிள்ளைகள் தகப்பனின் குடும்பப்பெயரோடும், ஃபுஜியன் குடியேறிகளின் சீனப் பேச்சான ஹொக்கியனோடும் வளர்ந்தார்கள். சந்தை, கடன், வழக்கு, வரி எல்லாமே ஹொக்கியனில் நடந்த ஊரில் சிராயா அடுப்படிக்கும் சடங்குக்கும் ஒதுங்கியது. பின் அடுப்படியிலிருந்தும் போயிற்று. 1870களில் தைவானுக்கு வந்த அமெரிக்க இயற்கையியலாளர் ஜோசப் பீல் ஸ்டீர் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் இந்தப் பத்திரங்களைக் கண்டபோது, வைத்திருந்தவர்களுக்கே அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. தாளைப் பாதுகாத்தார்கள்; முன்னோருடையது என்ற ஒரே காரணத்துக்காக. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அன்றாடப் பேச்சு மொழியாகச் சிராயா இல்லாமல் போயிற்று. ஜப்பானிய ஆட்சியில் வந்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது, முதியவர்களின் நினைவில் தங்கியிருந்த சொற்பட்டியல்கள்தான்.

சடங்கு மட்டும் முழுதாகப் போகவில்லை. தைனானின் தோங்ஷான் பகுதியிலுள்ள ஜிபெய்ஷுவா, தானெய் பகுதியிலுள்ள தோஷே ஆகிய ஊர்களில் இன்றும் ஆண்டுக்கொரு முறை இரவுச் சடங்கு நடக்கிறது. அலித் என்னும் முன்னோர் தெய்வத்துக்கு உருவம் கிடையாது. நீர் நிரப்பிய குடுவை, அதன் வாயில் செருகிய இலை, அதுதான் தெய்வம். வெற்றிலைப் பாக்கில் நாம் அறிந்த அதே கமுகும் அரிசி மதுவும் பன்றியும் படைக்கிறார்கள். வெள்ளை உடையில் பெண்கள் கைகோத்து வட்டமாக நின்று பாடுகிறார்கள். பாடலின் சொற்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. பாடுகிறவர்களுக்குப் பொருள் தெரியாத வரிகள் அவற்றில் பல.

மீட்பு

சிராயாவுக்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. கிராவியுஸின் நூல்கள், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண்டெடுக்கப்பட்டு 1842-ல் வெளியிடப்பட்ட டச்சுக்காலச் சொற்பட்டியல் ஒன்று, பிறகு சின்கான் ஆவணங்கள். நற்செய்தியை வில்லியம் கேம்பெல் என்ற போதகர் 1888-ல் ஆங்கிலத்தோடு சேர்த்து மறுபதிப்புச் செய்தார். ஆவணங்களை ஜப்பானிய அறிஞர் முராகாமி நவோஜிரோ 1933-ல் தொகுத்தார். 2010-ல் மொழியியலாளர் லி ரென்குவெய் மேலும் விரிவான தொகுப்பை வெளியிட்டார். 2011-ல் அலெக்சாண்டர் அடெலார் நற்செய்தியின் அடிப்படையில் ஒலியமைப்பு, இலக்கணம், சொல்லகராதி மூன்றையும் கொண்ட நூலை வெளியிட்டார்.

அந்த இலக்கணத்தில் ஓர் அழகான கூறு இருக்கிறது. சிராயாவில் வினைதான் வாக்கியத்தின் முன்னால் நிற்கும். ஒரு செயல் எப்படி நடந்தது என்று விவரிக்கும் சொல் வந்தால் அதுவே வினையாகி முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போது, பின்னால் வரப்போகும் முதன்மை வினையின் தொடக்க ஒலிகளைத் தன்மேல் முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும். வரப்போவது நகர்வா, பேச்சா, வேறு செயலா என்பதைக் கேட்பவர் முதல் சொல்லிலேயே பிடித்துவிடலாம். 350 ஆண்டுப் பழைய, அதுவும் அயலார் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பிலிருந்து இவ்வளவு நுட்பத்தை மீட்டெடுத்தது பெரும் சாதனை.

ஆனால் சான்றுகளின் எல்லை கடுமையானது. உட்ரெக்ட் பட்டியலின் பேச்சும் நற்செய்தியின் பேச்சும் ஒன்றல்ல. வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவை. நற்செய்தியில் விண்ணும் மண்ணும் தந்தையும் பாவமும் உண்டு. வேட்டையில் ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடும் குரல் இல்லை. பத்திரங்களில் எல்லையும் வெள்ளியும் கெடுவும் உண்டு. குழந்தையைத் தூங்கவைக்கும் பேச்சு இல்லை.

மீட்பு முயற்சியின் மையம் சின்ஹுவாவிலுள்ள கௌபெய் என்ற சிறு ஊர். 1999-ல் அங்கே சிராயா பண்பாட்டுச் சங்கம் உருவானது. அதன் முகமாக அறியப்படுபவர் உமா தலவான். அவருடைய கணவர் எட்கர் மகாபிலி பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இசைக்கலைஞர், பிசாயா மொழிக்காரர். நற்செய்தியின் சிராயா பத்தியைப் பார்த்தபோது தம் தாய்மொழியின் சாயல் கொண்ட சொற்களை அவர் அடையாளம் கண்டார். அதிலிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து 2008-ல் சிராயா சொற்கோவையை வெளியிட்டார். ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் சிராயா படிக்கிறார்கள். பாடல்களும் பாடநூல்களும் உருவாகியிருக்கின்றன. மூன்று வகைச் சான்றுகளிலும் ஒரு சொல் கிடைக்காத இடத்தில் உறவு மொழிகளைப் பார்த்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறார்கள். இது பழைய சிராயா அல்ல என்று குறை சொல்பவர்கள் உண்டு. அல்லதான். மூன்று தலைமுறை பேசினால் இதுவும் ஒரு சிராயாவாகும் என்பதே என் எண்ணம். 1661-ல் கிராவியுஸ் எழுதியதும் ஊரார் பேச்சின் நேர்ப்பதிவு அல்லவே.

பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இருந்த பெரிய தடை இலக்கணம் அல்ல, அரசுப் பதிவேடு. ஜப்பானிய ஆட்சிக்காலக் குடும்பப் பதிவுகளில் சமவெளிப் பழங்குடிகளின் பெயருக்கு எதிரே ‘பக்குவப்பட்டவர்’ என்ற பொருள்கொண்ட ஒற்றை எழுத்துக் குறி இருந்தது. 1950களில் பழங்குடிகளைப் பதிவு செய்தபோது அந்தக் குடும்பங்கள் வெளியே நின்றுவிட்டன. 2005-ல் அன்றைய தைனான் மாவட்ட நிர்வாகம் சிராயாவை ஏற்றது. மைய அரசு ஏற்கவில்லை. உங்கள் மொழி அழிந்துவிட்டது, நீங்கள் கலந்துவிட்டீர்கள் என்ற வாதம் மீண்டும் மீண்டும் அவர்கள் முன் வைக்கப்பட்டது. நிலத்தை இழந்ததால் இழந்த மொழியை, பழங்குடி உரிமையை மறுப்பதற்குக் காரணமாக்கினார்கள்.

வழக்கு தைவானின் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. சிராயா போன்ற மக்களைப் பழங்குடித் தகுதியிலிருந்து விலக்கிவைத்த சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022 அக்டோபர் 28 அன்று அது தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்தவோ புதிது இயற்றவோ மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது. ஜப்பானியர் போட்ட அந்த ஒற்றை எழுத்துக் குறி, ஒருகாலத்தில் தாழ்த்துவதற்காக எழுதப்பட்டது, இப்போது பேரப்பிள்ளைகள் கையில் வம்சாவளிச் சான்றாக இருக்கிறது. சின்கான் ஆவணங்களிலோ, சீனப் பத்தி இல்லாமல் தனிச் சிராயாவில் எழுதப்பட்டவற்றில் பொருள் முழுதாகப் பிடிபடாத வரிகள் இன்னும் உள்ளன. அவற்றைப் படிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.